மலையில் நாலு நாள், பிளக் பாயிண்ட் கிடையாது: எந்த பவர் பேங்க், எத்தனை?

சாலைப்பறவை:
எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் நாங்கள் நாலு பேர் உத்தராகண்டில் கேதார்கந்தா ஏறப் போகிறோம். சாங்க்ரி என்ற ஊரிலிருந்து நடை ஆரம்பம், உச்சி 12,500 அடி. சாங்க்ரியை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை சார்ஜ் போட வழியில்லை என்கிறார்கள், அதனால் நாலு நாளைக்குக் கையில் இருப்பதுதான் கணக்கு. நானும் என் தோழியும் ஒரு கூடாரம். ஆளுக்கு ஒரு போன் (இரண்டுமே 5,000 எம்.ஏ.எச்.), ஒரு மிரர்லெஸ் கேமரா, தலையில் மாட்டும் டார்ச் இரண்டு, ஒரு ஸ்மார்ட் வாட்ச். இவ்வளவையும் தாங்க என்ன வாங்கலாம்?

ஆன்லைனில் 50,000 எம்.ஏ.எச்., மேலே சோலார் தகடு ஒட்டியது, ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக வருகிறது. தெரிந்த கம்பெனியின் 20,000 அதைவிட விலை அதிகம். பாதிக்கும் குறைவான அளவுக்கு ஏன் கூடுதல் விலை என்று புரியவில்லை. சோலார் இருந்தால் மேலே வெயிலில் தானாக ஏறிக்கொள்ளும் அல்லவா? இன்னொன்று, சென்னையிலிருந்து டெல்லி வழியாக டேராடூனுக்கு விமானம், அதில் இதைக் கொண்டுபோக விடுவார்களா?

சோல்டர்மணி:
அந்த 50,000-ஐ வாங்காதீர்கள். சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இந்த மாதிரி பெட்டிகள் வாரா வாரம் என் மேசைக்கு வருகின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எம்.ஏ.எச். (மில்லி ஆம்ப் அவர்) என்ற எண்ணை மறந்துவிட்டு வாட் அவர் பாருங்கள், பெட்டியில் மொத்தம் எவ்வளவு மின்சக்தி இருக்கிறது என்பதன் அளவு அதுதான். பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் 10,000, 20,000 எல்லாம் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் எடுத்த கணக்கு. 20,000 என்றால் 20 ஆம்ப் அவர், அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட் அவர். 10,000 என்றால் 37. ஆனால் உங்கள் போனுக்கு வெளியே வருவது 5 வோல்ட்டோ 9 வோல்ட்டோ, அந்த மாற்றத்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். நல்ல சர்க்யூட்டாக இருந்தால் 85 சதவீதம் வெளியே வரும், மட்டமானதில் 70 கூட வராது. அதனால்தான் நல்ல கம்பெனி 10,000 எம்.ஏ.எச். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 5 வோல்ட்டில் 6,000 சொச்சம் என்று இன்னொரு எண் போட்டிருக்கும். அதுதான் உங்கள் கைக்கு வருவது. அந்த இரண்டாவது எண்ணே இல்லாத பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இப்போது 50,000 கணக்கைப் போடுங்கள். 185 வாட் அவர். இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல லித்தியம் அயான் செல், கிலோவுக்கு ஏறக்குறைய 250 வாட் அவர் பிடிக்கும். அப்படியானால் 185-க்கு வெறும் செல் மட்டுமே முக்கால் கிலோ எடை வர வேண்டும், அதற்கு மேல் பிளாஸ்டிக், போர்டு, சோலார் தகடு. நீங்கள் பார்த்த பெட்டியின் விவரத்தில் எடை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், 250 கிராமோ 300 கிராமோதான் இருக்கும். அந்த எடைக்குள் 50,000 அடங்காது. நான் பிரித்துப் பார்த்தவற்றில் பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய 18650 என்ற உருளை வடிவ செல்கள் இருந்திருக்கின்றன, ஒன்றில் எடை கூட்டுவதற்காக மணல் நிரப்பிய டப்பா செல் இருந்தது. பாதுகாப்பு சர்க்யூட் என்று ஒரு பேச்சுக்குக்கூட எதுவும் இல்லை. இதைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

மேகமலைவாசி:
மணி அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதோடு விமானக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட் அவர் வரை அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும், 160-க்கு மேல் பயணிகள் விமானத்தில் கிடையாது. அதனால்தான் பெரிய பவர் பேங்குகள் 27,000 எம்.ஏ.எச். பக்கத்தில் வந்து நிற்கின்றன, அது சரியாக நூறுக்குள் அடங்கும். 50,000 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது பொய்யே ஆனாலும் பாதுகாப்புச் சோதனையில் லேபிளைத்தான் பார்ப்பார்கள், 185 என்று கணக்கு வந்து பிடுங்கிவிடுவார்கள். எழுத்து அழிந்துபோன பழைய பெட்டிக்கும் இதே கதி வரலாம்.

2025-க்குப் பிறகு கெடுபிடி அதிகம். அந்த ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் கிளம்பும் முன்பே தீப்பிடித்து எரிந்தது, பயணியின் பவர் பேங்க் மீதுதான் சந்தேகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை போட்டது, எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல். சீனாவில் ஜூன் 28-லிருந்து அவர்கள் நாட்டுத் தர முத்திரை இல்லாத பெட்டி உள்நாட்டு விமானத்தில் ஏறவே முடியாது. நீங்கள் போகும் நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பெட்டி வைக்கும் அறையில் போடாமல் கண் படும் இடத்தில், முன்சீட் பைக்குள் வைப்பது நல்லது.

சாலைப்பறவை:
மணி அண்ணா, எடையைப் போய்ப் பார்த்தேன். 50,000 என்று போட்டு 280 கிராம்! அதை விட்டுவிட்டேன். ஆனால் சோலார் ஆசை இன்னும் போகவில்லை. நல்ல கம்பெனியின் 20,000-த்தில் சோலார் ஒட்டியது வாங்கலாமா?

சோல்டர்மணி:
வேண்டாம் தங்கச்சி. உள்ளங்கை அகலத் தகடு உச்சி வெயிலில் நேராகப் பார்த்து நின்றால் ஒன்று, ஒன்றரை வாட் தரும். 74 வாட் அவர் பெட்டியை நிரப்ப, இழப்பையும் சேர்த்து 90 வாட் அவர் உள்ளே போக வேண்டும். ஒன்றரை வாட் என்றே வைத்தாலும் 60 மணி நேர வெயில். டிசம்பரில் இமயமலைப் பள்ளத்தாக்கில் உருப்படியான வெயில் ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. நீங்கள் நடப்பதோ தேவதாரு, ஓக் மரங்களுக்கு நடுவே, தகடு உங்கள் முதுகில் ஆடிக்கொண்டு வானத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு வரும். நாலு நாளில் ஒரு போனில் பாதி ஏறினால் அதிகம்.

அதைவிடப் பெரிய தொல்லை சூடு. வெயிலில் வைத்தால் தகட்டோடு சேர்ந்து செல்லும் காயும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி அதை எளிதாகத் தாண்டிவிடும். சார்ஜ் ஏற்றப் போய் செல்லின் ஆயுளைக் குறைக்கிறோம்.

சோலாரே வேண்டுமென்றால் மடித்து விரிக்கும் 20 வாட், 28 வாட் பேனல் தனியாக வாங்கி, பேனலை வெயிலிலும் பவர் பேங்கை அதன் நிழலிலும் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவர்களுக்கு அது உதவும். தினம் நடப்பவர்களுக்கு அந்த எடைக்கு இன்னொரு பவர் பேங்கே மேல்.

விண்மீன்வேட்டை:
பேனல் விஷயத்தில் முழு உடன்பாடு. நான் இரவு வானம் படம் எடுப்பவன், ஜவ்வாது மலைப் பக்கம் அடிக்கடி போகிறவன். எங்கள் கூட்டத்தில் பவர் பேங்கின் பெரிய வேலை போன் சார்ஜ் செய்வது இல்லை, லென்ஸில் பனி படியாமல் காப்பது. டிசம்பர் பாதியில் ஜெமினிட் எரிகற்கள் பார்க்க உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டியதும் லென்ஸ் முழுக்க ஈரம் கோத்துக்கொள்ளும், துடைத்தால் மறுபடி கோக்கும். அதற்கு லென்ஸைச் சுற்றி ஒரு சூடேற்றும் பட்டை கட்டுவோம், 5 வோல்ட் 2 ஆம்ப், அதாவது 10 வாட். 20,000 எம்.ஏ.எச். பெட்டியிலிருந்து நிஜமாக வெளியே வருவது 63 வாட் அவர் என்றால் ஆறு மணி நேரம் ஓடும், விடியும்வரை போதும். இப்படி வாட், வாட் அவர் என்று யோசிக்கப் பழகினால் எந்தக் கருவிக்கும் கணக்கு தானாக வந்துவிடும். எம்.ஏ.எச்.-ஐ வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

சாலைப்பறவைக்கு ஒரு தகவல். ஸ்மார்ட் வாட்ச், இயர்பட்ஸ் மாதிரி சின்னச் சாமான்கள் மிகக் குறைந்த மின்சாரம்தான் இழுக்கும். பல பவர் பேங்குகள் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும். காலையில் பார்த்தால் வாட்ச் காலியாகவே இருக்கும். குறைந்த மின்சார முறை என்று ஒன்று இருக்கிறதா, பட்டனை இரண்டு முறை அழுத்தினாலோ சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலோ வருமா என்று வாங்கும் முன் பாருங்கள்.

ரொறன்ரோ_குளிர்:
தங்கச்சிக்கு வணக்கம். நான் கனடாவில் இருக்கிறேன், பனிக்காலத்தில் அல்கோன்குயின் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்குகிற ஆள். இதுவரை எல்லோரும் அளவு பற்றித்தான் கதைக்கிறீர்கள், குளிர் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. உங்கள் பயணத்தில் அதுதான் முக்கியம்.

குளிரில் பற்றரிக்குள் இருக்கிற திரவம் தடித்துப்போய் உள்மின்தடை கூடும், இழுக்கிற நேரம் வோல்ட் விழும், கருவி பற்றரி முடிந்துவிட்டதென்று நினைத்து நின்றுவிடும். சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் அரைவாசி கிடைத்தாலே பெரிய காரியம். ஆனால் அது தொலைந்துபோன மின்சாரம் இல்லை. சூடாக்கினால் திரும்பி வரும். 30 வீதத்தில் செத்த போனை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தால் மறுபடி உயிர் வரும்.

சார்ஜ் பண்ணுகிற கதை வேறு. சுழியத்துக்குக் கீழே லித்தியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணவே கூடாது. உள்ளே போகிற லித்தியம் கிராபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அந்தக் கொள்ளளவு திரும்பி வராது, மோசமானால் உள்ளுக்குள்ளே ஷோர்ட் ஆகும். கவனியுங்கோ, பவர் பேங்க் மின்சாரம் கொடுக்கிற பக்கம், அதற்கு ஓரளவு குளிர் தாங்கும். வாங்குகிற பக்கம் உங்கள் போனும் கேமராவும். ஆகவே போனை முதலில் உடம்புச் சூட்டில் வைத்து, பிறகுதான் வயரைச் செருக வேண்டும். சில போன்கள் தாமாகவே ஏற்க மறுக்கும், எல்லாம் அப்படி இல்லை.

இரவில் பவர் பேங்க், போன், கேமரா பற்றரி எல்லாவற்றையும் ஒரு காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். வெளியே பையில் விட்டால் காலையில் ஐஸ்கட்டி.

சோல்டர்மணி:
கடைசி வரியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை அண்ணா. லித்தியம் பெட்டியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜிப் போட்ட பைக்குள் ஏதாவது ஆனால் வெளியே வரவே அரை நிமிடம் ஆகும். கூடாரம் முழுக்க நைலான்.

ரொறன்ரோ_குளிர்:
உங்கள் பயம் நியாயமானது, நான் சொல்லாமல் விட்ட பகுதியைச் சொல்கிறேன். உள்ளே வைக்கிற நேரம் எந்த வயரும் மாட்டியிருக்கக் கூடாது. சார்ஜ் நடக்கும்போதுதான் சூடு வரும், அந்த நேரத்தில் அதைக் கம்பளியால் மூடினால் சூடு போக வழியில்லை. நான் சாப்பிட உட்காருகிற நேரத்தில், விழித்திருக்கும்போது, கண்ணுக்கு முன்னால் சார்ஜ் போட்டு முடித்துவிடுவேன். படுக்கிற நேரம் எல்லாம் கழற்றி, சும்மா இருக்கிற பெட்டிதான் உள்ளே போகும். அதுவும் விழுந்து அடிபடாத, வீங்காத, நம்பிக்கையான பெட்டி. 899 ரூபாய்ப் பெட்டியை நானும் உள்ளே விடமாட்டேன்.

சோல்டர்மணி:
வயர் இல்லாமல், நல்ல பெட்டி என்றால் சரி. ஏற்றுக்கொள்கிறேன். இங்கே பலர் இரவு முழுக்க போனை மாட்டித் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறார்கள், அந்தப் பழக்கத்தோடு இதையும் படித்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன்.

மேகமலைவாசி:
தீ பிடித்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள், நிறையப் பேருக்குத் தவறான தகவல் இருக்கிறது, தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிறார்கள்.

சோல்டர்மணி:
போன், பவர் பேங்க் அளவு லித்தியம் அயான் பெட்டிக்குத் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம், ஊற்ற வேண்டும். விமானப் பணியாளர்களுக்குச் சொல்லித்தருவதும் இதுதான். ஒரு செல் வெடித்தால் அந்தச் சூட்டில் பக்கத்துச் செல் வெடிக்கும், அது அடுத்ததை. தண்ணீர் அந்தச் சூட்டைத் தணித்து சங்கிலியை அறுக்கிறது. புகை விஷம், மூச்சில் இழுக்காதீர்கள். வெறும் கையால் தூக்க வேண்டாம், கூடாரத்துக்குள் என்றால் முதலில் ஆட்கள் வெளியே. அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம், வெகு நேரம் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள்.

அதற்கு முன்பே அறிகுறி தெரியும். வயிறு வீங்குவது, இனிப்பான கரைப்பான் வாசனை, சும்மா இருக்கும்போதே கதகதவென்று இருப்பது. வீங்கியதை ஊசியால் குத்திக் காற்றை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், குப்பை லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். பேட்டரிக் கழிவு விதிகள் 2022-இலேயே வந்துவிட்டன, தயாரித்தவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். கடையில் கேளுங்கள், இல்லாவிட்டால் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பாதயாத்திரைக்காரர்:
நான் காரைக்குடிப் பக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தில் இருக்கிறேன், சாமான் வண்டிப் பொறுப்பு என்னுடையது. எங்களுடைய பிரச்சினை வேறு மாதிரி. ஒருத்தருக்கு நாலு நாள் என்பது இல்லை, ஐம்பது பேருக்கு ஒரே ராத்திரி. தங்கும் மண்டபத்தில் இரண்டு பிளக் இருக்கும், அதில் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு எல்லோரும் தொங்கவிடுவார்கள், வயசானவர்கள் போன் கடைசிவரை ஏறாது. அவர்கள்தான் வழியில் பின்தங்கி நிற்பவர்கள், அவர்களுக்குத்தான் போன் வேலை செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு பவர் பேங்க் வாங்கச் சொல்வதா, வண்டியில் பொதுவாக ஒன்று வைப்பதா?

சோல்டர்மணி:
நல்ல கேள்வி அய்யா. வண்டி இருக்கிறதென்றால் பொதுவாக ஒன்று வைப்பதுதான் சரி. ஒரு போனை முழுசாக ஏற்ற 20 வாட் அவருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும், ஐம்பது பேர் என்றால் ஆயிரத்து நூறு. 12.8 வோல்ட், 100 ஆம்ப் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 1,280 வாட் அவர். ஒரு ராத்திரிக்கு அது போதும், யாரும் முழுக் காலியாக வரப்போவதில்லை. எடை பத்திலிருந்து பதின்மூன்று கிலோ. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய பேட்டரி இதே அளவுக்கு முப்பது கிலோ வரும், அதிலும் பாதிதான் கெடாமல் எடுக்க முடியும். இரும்பு பாஸ்பேட் ரகம் சூட்டையும் அடியையும் அதிகம் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் பல தைப்பூசத்துக்கு வரும்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி அதில் போன் சார்ஜரைச் செருகாதீர்கள், இரண்டு முறை மாற்றுவதில் வீணாகும். கார் சாக்கெட்டில் செருகும் யூ.எஸ்.பி. சார்ஜர்களை ஒரு பலகையில் வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் போட்டு நேராக 12 வோல்ட்டிலிருந்து எடுங்கள். பேட்டரியை வண்டி ஓடும்போது ஏற்ற வேண்டும் என்றால் இடையில் டி.சி.-டி.சி. சார்ஜர் (மின்சாரத்தை அளவாக மட்டும் பேட்டரிக்கு விடுவது) கட்டாயம், வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் நேராகக் கட்டினால் அது தாங்காமல் எரியும். நீங்கள் மதுரை வந்தால் சொல்லுங்கள், பலகையை நானே செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.

பாதயாத்திரைக்காரர்:
ரொம்ப நன்றி தம்பி. முருகன் உங்களை நல்லா வச்சிருப்பான். சாமான் பட்டியல் மட்டும் தனியாக எழுதிப் போடுங்கள், பொங்கலுக்கு முன் வருகிறேன்.

டெல்டாக்காரன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் பயணத்துக்குப் பேசுகிறீர்கள், நான் புயலுக்குச் சொல்கிறேன், விஷயம் ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துப் போன் ஏற்றிக்கொண்டு வந்தோம். அப்போது தெரிந்துகொண்டது, டவர் போய்விட்டால் போன் சிக்னலைத் தேடித் தேடியே காலியாகிவிடும். பேச வேண்டிய நேரம் தவிர விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் இரண்டு மூன்று நாள் நிற்கும். கேதார்கந்தாவிலும் சாங்க்ரிக்கு மேலே சிக்னல் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, அங்கேயும் இதையே செய்யுங்கள். கூடுதலாக ஒரு பவர் பேங்க் சுமப்பதை இந்த ஒரு பழக்கம் மிச்சப்படுத்தும்.

இப்போது ஐப்பசி பிறந்தாலே வீட்டில் இரண்டு 20,000 பெட்டி தயாராக வைத்துவிடுகிறேன். 3 வாட் யூ.எஸ்.பி. எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஒரு பெட்டி இருபது மணி நேரம் எரிக்கும், அதாவது நாலு ராத்திரி குழந்தைகள் இருட்டில் உட்கார வேண்டியதில்லை. ஒரு சந்தேகம், வருஷம் முழுக்க சும்மா கிடக்கிறதே, முழு சார்ஜில் வைக்கலாமா?

சோல்டர்மணி:
மழைக்காலம் முடிந்ததும் பாதி, அறுபது சதவீதத்துக்கு இறக்கி, சூடில்லாத இடத்தில் வையுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் செல் வேகமாகக் கிழடு தட்டும். கார் டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே மோசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து ஏற்றிவிடுங்கள், அடியோடு காலியாகி மாதக்கணக்கில் கிடந்தால் மீளாது. புரட்டாசி கடைசியில் முழுசாக ஏற்றுங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒன்று வீட்டில் இருக்கத்தான் வேண்டும்.

விண்மீன்வேட்டை:
காந்தத்தில் ஒட்டும் வயர் இல்லாத பவர் பேங்க் பற்றியும் ஒரு வார்த்தை. வசதிதான், ஆனால் வெளியிடத்துக்கு வேண்டாம். காற்றில் போகும் இழப்பு வயரைவிட மிக அதிகம், போன் முதுகு சூடாவதே அந்த மின்சாரம்தான். ஒவ்வொரு வாட் அவரும் முதுகில் சுமந்து கொண்டுவந்தது.

புதுவரவு_77:
மணி அண்ணா, பழைய லேப்டாப் பேட்டரி ஒன்று இருக்கிறது, உள்ளே 18650 செல் ஆறு. அதை எடுத்து நானே பவர் பேங்க் செய்து மலைக்குக் கொண்டுபோகலாமா? காலி பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது.

சோல்டர்மணி:
வேலை பழக மேசையில் செய்து பாருங்கள், மலைக்கு வேண்டாம். ஆறு செல்லும் ஒரே மாதிரி கிழடு தட்டியிருக்காது, வலுவான செல் பலவீனமானதுக்குள் பாயும். சோல்டரிங் அயனை செல்லின் மேல் நேராக வைத்தால் உள்ளே இருக்கும் பிரிப்பான் உருகும், அதற்கு ஸ்பாட் வெல்டிங்தான் வேண்டும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி அளக்க மீட்டர் வேண்டும். விமானத்திலும் விடமாட்டார்கள், வாட் அவர் எழுதிய லேபிள் இல்லையே. ஆர்வத்தை விட்டுவிடாதீர்கள், முதலில் ஒரு யூ.எஸ்.பி. மீட்டர் வாங்கி வீட்டில் இருக்கும் பெட்டிகளை அளந்து பாருங்கள். எது எவ்வளவு நிஜமாகத் தருகிறது என்று அதிலேயே நிறையத் தெரியவரும்.

சாலைப்பறவை:
எல்லோருக்கும் நன்றி, நீங்கள் சொன்னதை வைத்து நானே கணக்குப் போட்டேன், சரியா பாருங்கள். போன் இரண்டும் நிரம்பிக் கிளம்பும், விமானப் பயன்முறையில் வைத்துப் படம் மட்டும் எடுத்தால் நாலு நாளில் ஆளுக்கு ஒன்றரை முறை ஏற்ற வேண்டியிருக்கும் என்று வைத்தேன். மூன்று முறை, முறைக்கு 22, ஆக 66. கேமரா பேட்டரி ஒன்று 16. டார்ச் இரண்டுக்கும் 10, வாட்சுக்கு 4. மொத்தம் 96 வாட் அவர் வெளியே வர வேண்டும். 85 சதவீதம் என்றால் உள்ளே 113 இருக்க வேண்டும், குளிருக்குக் கால்வாசி கூட்டினால் 141. இரண்டு 20,000 பெட்டி என்றால் 148. ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக 74 என்பதால் விமானத்திலும் சிக்கல் இல்லை. ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும்.

ரொறன்ரோ_குளிர்:
அருமை தங்கச்சி. கேமராவுக்குச் சார்ஜ் போடுவதை நம்பாமல் மேலதிகமாக இரண்டு பற்றரி கொண்டுபோங்கள். ஒன்று கேமராவில், மற்றது உள்சட்டைப் பையில், மாறி மாறி. குளிரில் அதுதான் வேலை செய்யும்.

விண்மீன்வேட்டை:
சார்ஜ் போடத்தான் வேண்டும் என்றால், சில கேமராக்கள் பழைய 5 வோல்ட் போர்ட்டில் ஏறவே ஏறாது, பி.டி. (பவர் டெலிவரி, யூ.எஸ்.பி.-சி வழியாகக் கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் முறை) வேண்டும். அது போகட்டும், பி.டி.-யின் நிலையான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 வோல்ட் அதில் கட்டாயம் இல்லை, சில பெட்டிகள் தருகின்றன, சில தராது. 12 வோல்ட் கருவி ஏதாவது வைத்திருப்பவர்கள் லேபிளில் அந்த எண் இருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

சாலைப்பறவை:
கேமரா பேட்டரி இரண்டு வாங்கிவிடுகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று. கடையில் கையில் எடுத்தால் நல்லதா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்த பெயரிலேயே போலி வருகிறதாமே.

சோல்டர்மணி:
பெட்டியின் மேலேயே பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, என்ன பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். வேறு எதற்கோ கொடுத்த எண்ணை ஒட்டியிருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன், அதனால் பொருளின் பெயரையும் படியுங்கள். எடை 20,000-க்கு 350 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும், 250 என்றால் வேண்டாம்.

பெரிய பெயர் என்பதாலேயே குறையே வராது என்றும் இல்லை. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் ஒரு 10,000 எம்.ஏ.எச். மாடலை அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது, சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து என்று. ஆனால் மாடல் எண், வரிசை எண் இருந்ததால் வாங்கியவர்கள் தங்கள் பெட்டி அதில் இருக்கிறதா என்று பார்க்க முடிந்தது. பெயரில்லாத பெட்டிக்கு அப்படி யார் கூப்பிட்டுச் சொல்வார்கள்? பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் நேராக மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். வீட்டில் இரண்டு மூன்று முறை முழுசாக ஏற்றி, போனை இறக்கி ஏற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று முறை போன் ஏற வேண்டும், இரண்டோடு நின்றால் கடையில் மாற்றிவிடுங்கள்.

மேகமலைவாசி:
கேபிளை மறந்துவிடாதீர்கள். மலையில் பவர் பேங்க் கெட்டதைவிட கேபிள் கெட்டுத்தான் அதிகம் பேர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். குட்டையாக, கனமாக இரண்டு, வேறு வேறு பையில். போர்ட்டில் பனியோ ஈரமோ இருந்தால் ஊதிக் காயவைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

சாலைப்பறவை:
குறித்துக்கொண்டேன் அண்ணா. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், ஆர் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்கும் முன் இங்கே மாடலைப் போடுகிறேன். மணி அண்ணா அன்று மதியம் இருப்பீர்களா?

சோல்டர்மணி:
இரண்டு மணிக்கு மேல் இருப்பேன். லேபிளின் பின்பக்கம் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், 5 வோல்ட் எண்ணும் வாட் அவரும் அதில் இருக்கட்டும்.